ஈசிசி ராம் பிழை காட்டினால் முதலில் முகவரியைப் பாருங்கள்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் இப்போது பழைய வேர்க்ஸ்டேஷன்கள் நிறைய ஓடுகின்றன. ஸ்டூடியோ, கணக்கு ஆபீஸ், டியூஷன் கிளாஸ் என்று எல்லா இடத்திலும் கொழும்பிலிருந்து இறக்கிய செகண்ட் ஹேண்ட் சாமான்தான். விலைக்கு நல்ல மெஷின், உள்ளே ஈசிசி ராம், அதாவது மெமரியில் வரும் சிறு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்த வழியுள்ள வகை. அதில் ஒரு மெமரி பிழை தெரிந்தவுடன் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: ராமைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகி, அதிலும் சரிவரவில்லையென்றால் புதிது வாங்குவது. பல தடவை அது வீண் செலவு, சில தடவை பழுது ராமிலேயே இருக்காது. பிழை எந்த முகவரியில், அதாவது மெமரியின் எந்த இடத்தில் வந்தது, அந்த முகவரிகளுக்குள் என்ன ஒற்றுமை என்று ஒருக்கா பார்த்தால், எந்தப் பகுதி போய்விட்டது என்பதைப் பெரும்பாலும் மூடியைக் கழற்றாமலே சொல்லிவிடலாம்.

தொடங்குமுன்

முதலில் ஈசிசி உண்மையிலேயே இயங்குகிறதா என்று பாருங்கள். ராம் மட்டும் ஈசிசி ஆக இருந்தால் போதாது, சிபியுவும் மதர்போர்டும் அதை ஏற்க வேண்டும். லினக்ஸில் டிஎம்ஐடிகோட் என்ற கட்டளையை ஓடவிட்டால் மெமரிப் பகுதியில் மொத்த அகலம், டேட்டா அகலம் என்று இரண்டு எண்கள் வரும். டிடிஆர்4 தலைமுறை ராம் என்றால் 72 உம் 64 உம் வர வேண்டும். விண்டோஸில் பவர்ஷெல் மூலம் மெமரியின் பிழைதிருத்த வகையைக் கேட்டால் 5 அல்லது 6 வந்தால் ஈசிசி, 3 வந்தால் இல்லை. இவையெல்லாம் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) சொல்வதை அப்படியே ஒப்புவிக்கிறவை என்பதால் நான் இவற்றோடு நிற்பதில்லை. லினக்ஸில் மெமரிப் பிழைகளை எண்ணும் ஈடாக் டிரைவர் ஏறி, திருத்திய பிழை எத்தனை, திருத்த முடியாத பிழை எத்தனை என்ற இரண்டு கணக்குகளும் கண்ணில் பட்டால்தான் நம்புவேன்.

டிடிஆர்5 வாங்கப் போனால் "இப்ப எல்லாமே ஈசிசிதான் சேர்" என்பார்கள். அது சிப்புக்குள்ளேயே நடக்கிற வேறு திருத்தம், ஒவ்வொரு 128 பிட்டுக்கும் 8 பிட் சேர்த்து வைத்து உள்ளுக்குள்ளேயே சரிசெய்துகொள்வது. சிப்பிலிருந்து சிபியுவுக்கு வரும் வழியில் கெட்டால் அதற்குத் தெரியாது, தான் திருத்தியதையும் உங்கள் லொக்கில் (மெஷினின் பிழைப் பதிவில்) எழுதாது. கீழே சொல்வதெல்லாம் ராம் முழுதுக்கும் போட்ட, சிபியுவுக்குள் இருக்கும் மெமரி கொன்ட்ரோலர் பார்க்கிற ஈசிசியைப் பற்றியது.

அப்புறம் முகவரி. சிப்புக்குள் ஓர் இடத்தைத் தேடிப் போவது இரண்டு தவணையில் நடக்கிறது: முதலில் பேங்க் (சிப்பின் உட்பகுதி ஒன்று) எண்ணோடு நிரை எண் போய் அந்த நிரை முழுவதும் திறக்கும், பிறகு அதே கம்பிகளில் நிரல் எண் போகும். கிடையாகப் போவது நிரை, மேலிருந்து கீழே போவது நிரல், ஓஎல் கணிதத்தில் தாயத்துக்குப் படித்தது போலவேதான். 8 பிட் அகலமுள்ள 8 ஜிகாபிட் டிடிஆர்4 சிப் ஒன்றில் 16 பேங்க், ஒரு பேங்குக்கு 65,536 நிரை, ஒரு நிரைக்கு 1,024 நிரல்.

லொக்கில் வருவது பெரும்பாலும் சிஸ்டம் முகவரி. கொன்ட்ரோலர் அதைச் சனல் (சிபியுவிலிருந்து ராமுக்குப் போகும் பாதை), பேங்க் என்று கலைத்துப் பரப்பிவிடும், ஆகவே லொக்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு முகவரிகள் சிப்பிலும் பக்கத்தில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். லினக்ஸில் ராஸ்டீமன் என்ற பதிவு மென்பொருளைப் போட்டால் எந்தச் சனல், எந்த ஸ்லொட் என்று வரும். சேர்வர் போர்டுகள் சிலவற்றில் பயாஸ் லொக்கே ரேங்க் (சேர்ந்து இயங்கும் சிப் தொகுதி), பேங்க், நிரை, நிரல் வரைக்கும் சொல்லிவிடும், அது கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. விண்டோஸில் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ-லொகர் என்ற பெயரில் 47 ஆம் இலக்க நிகழ்வைத் தேடுங்கள்.

அறிகுறி: ஒரே முகவரி, ஒரே பிட், திரும்பத் திரும்ப

இது லேசான வருத்தம். ஹமிங் 1950 இல் எழுதிய முறையின் வழியில் வந்த கணக்கு இது: 64 பிட் டேட்டாவுக்கு 8 சரிபார்ப்பு பிட். படிக்கும்போது அந்த 8 ஐயும் புதிதாகக் கணக்கிட்டு, சேமித்து வைத்ததோடு ஒப்பிட்டால் வரும் வித்தியாசம், சிண்ட்ரோம் என்பார்கள், பிழையான பிட் எது என்பதையே காட்டிவிடும். ஒரு பிட் பிழை என்றால் திருத்தும். இரண்டு என்றால் கண்டுபிடிக்கும், ஆனால் திருத்தாது.

எப்போதாவது ஒரு தடவை வந்து மறுபடி வராத பிழையை விட்டுவிடுங்கள். கூகுள் தன் சேர்வர்களை வைத்துச் செய்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு மெஷின்களில் திருத்தக்கூடிய பிழை ஒன்றாவது வந்திருந்தது, ராம் கணக்கில் பார்த்தால் 8 வீதத்துக்கு மேல். ஒரே முகவரியில், ஒரே சிண்ட்ரோமோடு திரும்பத் திரும்ப வந்தால்தான் அந்தச் செல், அதாவது ஒரு பிட்டை வைத்திருக்கும் இடம், பலவீனமானது என்று எடுக்க வேண்டும்.

இங்கே பயாஸில் பட்ரோல் ஸ்க்ரப் போட்டிருக்கிறதா பாருங்கள். கொன்ட்ரோலர் பிழையைத் திருத்தி சிபியுவுக்குக் கொடுத்தாலும், சிப்பில் கிடக்கிற பிழையான பிட் அப்படியே கிடக்கலாம். ஸ்க்ரப் தான் ஆறுதலாக எல்லா முகவரிகளையும் சுற்றி வந்து திருத்தியதைத் திரும்ப எழுதி வைக்கும். அது நிறுத்தப்பட்டிருந்தால் பழைய பிழைக்குப் பக்கத்தில் இன்னொன்று சேர்ந்து, திருத்தக்கூடியது திருத்த முடியாததாகிவிடும். செல் உண்மையில் போய்விட்டது என்றால் லினக்ஸ் அந்த 4 கிலோபைட் பக்கத்தை மட்டும் ஒதுக்கி வைத்துவிடும், ராஸ்டீமனிலேயே அதற்கு வழி இருக்கிறது. ஒரு செல்லுக்காக 16 ஜிபி ராமைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது.

அறிகுறி: நிரை ஒன்றே, நிரல்கள் பல, அல்லது மறுதலையாக

பேங்கும் நிரையும் மாறாமல் நிரல் மட்டும் மாறி மாறி வந்தால், அந்த நிரையைத் திறக்கும் கம்பியில் அல்லது எண்ணுக்குரிய நிரையைத் தேர்ந்தெடுக்கும் நிரை டிகோடரில் பழுது. நிரல் மாறாமல் நிரைகள் மாறினால் பிட் கம்பி, சென்ஸ் அம்ப்ளிஃபையர் (செல்லின் மெல்லிய மின்னேற்றத்தைப் படிப்பது), நிரல் டிகோடர் பக்கம்.

இதில் நிரைப் பழுதுக்கு மருந்து உண்டு. ஒவ்வொரு சிப்பிலும் தொழிற்சாலையிலேயே உபரி நிரைகளும் நிரல்களும் போட்டுத்தான் செய்கிறார்கள், இல்லாவிட்டால் விற்பதற்குத் தேறுகிற சிப் மிகக் குறைவு. பரிசோதனையில் கெட்டதாகத் தெரிந்த முகவரியைச் சிப்புக்குள் ஃப்யூஸ்களில் எழுதிவிடுவார்கள். பிறகு நிரை முகவரி வரும் ஒவ்வொரு தடவையும் ஓர் ஒப்பீட்டுச் சுற்று அதை ஃப்யூஸில் உள்ளதோடு பார்க்கும், பொருந்தினால் கெட்ட நிரையை விட்டு உபரி நிரையைத் திறக்கும். டிடிஆர்4 இலிருந்து இதே வசதியை வெளியிலிருந்தும் பாவிக்கலாம், பிபிஆர் (சிப் தயாரான பின் செய்யும் பழுதுபார்ப்பு) என்று சேர்வர் பயாஸ்களில் இருக்கும். மென் பிபிஆர் கரண்ட் போனால் மறந்துவிடும். வன் பிபிஆர் ஃப்யூஸை எரித்து நிரந்தரமாக மாற்றும், திரும்பப் பெற முடியாது, ஒரு பேங்க் குழுவுக்கு ஒரு நிரை அளவில்தான் அதற்கு இடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிரல் பழுதுக்கு இது உதவாது.

வன் பிபிஆர் செய்வதென்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம். ஃப்யூஸ் எரிகிற நேரத்தில் கரண்ட் போனால் என்ன நிலையில் நிற்கும் என்று யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள், நம் பக்கத்து மாரி காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்பதற்கும்தான்.

அறிகுறி: முகவரி எங்கும் பரவியிருக்கிறது, ஆனால் எப்போதும் ஒரே பிட்

டேட்டா பின் அல்லது ஸ்லொட் தொடுகை. கல்லடி, காத்தான்குடி போலக் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் இதுதான் அதிகம். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து தங்க முலாமில் உள்ள நுண்ணிய துவாரங்களால் கீழே இறங்கிவிடும். கழற்றித் துடையுங்கள், ஆனால் பள்ளிக்கூட ரப்பர் வேண்டாம், அது முலாமையும் சேர்த்துத் தேய்க்கும், இரண்டு மூன்று தரம் தேய்த்தால் அடுத்த மாரியோடு நிலைமை இன்னும் மோசமாகும். ஐசோபுரோபைல் அல்கஹோலும் நூல் உதிராத துணியும் போதும். மருந்துக் கடை சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் எண்ணெய்ப் பொருள் கலந்திருக்கலாம், அதைத் தவிருங்கள். ஸ்லொட்டுக்குள் எதையும் விட்டுக் கிண்டாதீர்கள்.

ஒரே பிட் இல்லாமல் ஒரே சிப்பின் 8 பிட்டுகளும் குழம்பினால் சிப்பே போய்விட்டது. 8 பிட் அகல சிப் போட்ட சாதாரண ஈசிசி அதைத் தாங்காது. 4 பிட் அகல சிப் 18 போட்ட சேர்வர் ராமும், ஐபிஎம் 1990களில் சிப்கில் என்று பெயர் வைத்த வகைத் திருத்தமும் இருந்தால் ஒரு சிப் முழுவதும் செத்தாலும் மெஷின் ஓடும்.

அறிகுறி: ஈசிசி கணக்கு பூச்சியம், ஆனால் ஃபைல்கள் கெடுகின்றன

ஆளை ஏமாற்றுகிற கேஸ் இதுதான். கல்முனையில் ஒரு ஸ்டூடியோக்காரர், கல்யாண அல்பம் சேமிக்கும்போது இடையிடையே படத்தில் வேறு படத்தின் துண்டு வந்து நிற்கிறது, லொக்கில் ஒரு பிழைகூட இல்லை. "தம்பி, ஈசிசி எண்டுதானே காசைக் குடுத்து வாங்கின நான், பிறகு எப்படி இது நடக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஈசிசி காப்பது டேட்டாவை, முகவரியை அல்ல. ஓர் எழுத்தும் அழியாத கடிதத்தைத் தபால்காரர் பக்கத்து வீட்டில் போட்டால் கடிதத்தில் பிழை தேடி என்ன பயன்? கொன்ட்ரோலர் ஒரு நிரையைக் கேட்கிறது, முகவரிக் கம்பி ஒன்று பிழையாக வாசிக்கப்பட்டு வேறு நிரை திறக்கிறது. அந்த நிரையில் உள்ள 64 பிட்டும் அதற்குரிய 8 பிட்டும் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்துகின்றன, சிண்ட்ரோம் பூச்சியம், எல்லாம் சரி என்று சிபியுவுக்குப் போகிறது. எழுதும்போது நடந்தால் இன்னும் கெடுதி, யாருடையதோ டேட்டாவின் மேல் எழுதிவிட்டு, எழுத வேண்டிய இடத்தில் பழையதை விட்டுவிடும்.

இதிலும் இரண்டு விதம் இருக்கிறது, வித்தியாசத்தைக் கவனியுங்கள். முகவரிக் கம்பிகள் எல்லா சிப்புகளுக்கும் பொது. சிபியு சொக்கெட்டில், போர்டில், ராமின் விளிம்பில் பழுது என்றால் எல்லா சிப்பும் சேர்ந்து ஒரே பிழையான இடத்துக்குப் போகும், ஆகவே சத்தமே வராது. ஒரு சிப்பின் காலில் மட்டும் பழுது என்றால் அந்த ஒரு சிப் மட்டும் வேறு இடத்திலிருந்து கொண்டுவரும், எட்டு பிட் பொருந்தாது, லொக்கில் திருத்த முடியாத பிழை மழை மாதிரிக் கொட்டும். டிடிஆர்3 இலிருந்து முகவரிக் கம்பி சிப் சிப்பாகத் தொட்டுக்கொண்டே போய் கடைசியில் டேர்மினேஷன் தடையில் முடிகிறது, அதனால் ராம் நடுவில் எங்காவது விரிசல் கண்டிருந்தால் விரிசலுக்கு அப்பால் உள்ள சிப்புகள் மட்டும் குழம்பும். பிழை காட்டும் பிட்டுகள் எல்லாம் ராமின் ஒரு பக்கத்து சிப்புகளுக்கே உரியவையாக இருந்தால் பூதக்கண்ணாடி எடுத்து அந்தப் பக்கத்தைப் பாருங்கள், சோல்டர் விட்டிருக்கலாம் அல்லது கடைசித் தடைகளில் பச்சை பிடித்திருக்கலாம்.

சத்தமில்லாத விதத்தைப் பிடிக்க மெம்டெஸ்ட்86+ என்ற ராம் சோதனை மென்பொருளை எடுத்து முதல் மூன்று சோதனைகளை மட்டும் சுற்ற விடுங்கள். நிறையப் பேர் இவை சீக்கிரம் முடிகின்றன என்று பொருட்படுத்துவதில்லை, நமக்கு வேண்டியதோ இவைதான், ஏனென்றால் இவை டேட்டாவை அல்ல, முகவரியைச் சோதிப்பவை. சொந்த முகவரிச் சோதனை ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்தின் முகவரியையே எழுதிவிட்டுப் பிறகு படிக்கும். பிழை வந்தால் எதிர்பார்த்த எண், கிடைத்த எண் இரண்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2 ஜிபி தொடங்கும் இடத்தில் 6 ஜிபிக்குரிய எண் வருகிறது என்றால் இரண்டு இடங்களும் ஒரே செல்லில் போய் விழுகின்றன என்று அர்த்தம், வேறுபடுவது 4 ஜிபி என்ற ஒரே முகவரி பிட். இரண்டு எண்களுக்கும் கால்குலேட்டரில் எக்ஸ்ஓஆர் (வேறுபடும் பிட்டுகளை மட்டும் காட்டும் கணக்கு) போட்டுப் பாருங்கள், எல்லாப் பிழைக்கும் அதே விடை வந்தால் முகவரிப் பழுது உறுதி. பேங்க் கலைப்பதால் விடையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்று பிட் தெரியலாம், அது பரவாயில்லை, மாறாமல் வருகிறதா என்பதுதான் கேள்வி.

முற்றாக அறுந்த கம்பியோடு மெஷின் பெரும்பாலும் எழும்பாது. டிடிஆர்4 இல் மேல் முகவரிக் கம்பிகள் மூன்று கட்டளைக் கம்பிகளாகவும் வேலை செய்வதால் அவை போனால் மெஷின் எழும்பும்போது கொன்ட்ரோலர் ராமோடு நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் ஆரம்பப் பயிற்சியே தோற்கும். ஆகவே ஓடுகிற மெஷினில் நாம் காண்பது அநேகமாக அரைகுறையாகத் தொடுகிற கம்பி அல்லது நேரம் தவறுகிற சிக்னல். சாமான் மாற்றுமுன் பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமைக் கூடிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு) நிறுத்துங்கள், கமாண்ட் ரேட் 1டி என்றிருந்தால் 2டி ஆக்குங்கள். முகவரிக்கு ஒரு கிளொக் அதிகம் கிடைக்கும். நான்கு ராம் செருகிய போர்டுகளில் இது மட்டுமே பிரச்சினையைத் தீர்த்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன், அந்த ஸ்டூடியோ மெஷினும் அப்படித்தான் சரியானது.

பயாஸில் முகவரி, கட்டளைப் பரிட்டி என்று ஒன்று இருந்தால் போட்டுவிடுங்கள். கொன்ட்ரோலர் முகவரியோடு, ஒற்றை இரட்டைக் கணக்குப் பார்க்கும் ஒரு பரிட்டி பிட்டையும் அனுப்பும், சிப் அல்லது ரெஜிஸ்டர்ட் ராமில் நடுவில் இருக்கும் ரெஜிஸ்டர் சிப் அதைச் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் அலேர்ட் என்ற கம்பியைக் கீழே இழுக்கும். பரிட்டி ஒன்றுதான் என்பதால் இரண்டு கம்பிகள் ஒரே நேரத்தில் பிழைத்தால் தப்பிவிடும், இருந்தாலும் ஒன்றும் இல்லாததற்கு எவ்வளவோ மேல். சில கொன்ட்ரோலர்கள் முகவரியையும் சரிபார்ப்பு பிட் கணக்கில் கலந்து எழுதும், அப்போது வேறு இடத்திலிருந்து வந்த டேட்டா சிண்ட்ரோமிலேயே மாட்டிக்கொள்ளும். உங்கள் மேசை மெஷினில் அது இருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

அறிகுறி: பகல் வெயிலில் மட்டும், அல்லது ஏசி நின்ற பிறகு

செல்லில் உள்ள மின்னேற்றம் கசிகிறது. டிடிஆர்4 இல் எல்லா நிரைகளையும் 64 மில்லிசெக்கனுக்குள் ஒரு சுற்று புதுப்பிக்க வேண்டும், 85 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் 32 ஆகக் குறைக்க வேண்டும். கொன்ட்ரோலர் புதுப்பி என்ற கட்டளையை மட்டுமே அனுப்புகிறது, எந்த நிரை என்பதைச் சிப் தன் உள் எண்ணியால் தானே பார்த்துக்கொள்ளும். சூட்டில் வரும் பிழைகளின் முகவரிகள் பேங்கெல்லாம் சிதறிக் கிடக்கும், ஆனால் அதே செல்கள் அடுத்த வெயிலிலும் வரும். கரண்ட் போய் யூபிஎஸ்ஸில் மெஷின் மட்டும் ஓட, ஏசியும் ஃபேனும் நின்ற அறையில் இது சகஜம். தூசியை ஊதுங்கள், ராமுக்கு மேல் காற்று போகிறதா பாருங்கள், பயாஸில் இரட்டைப் புதுப்பிப்பு இருந்தால் போடுங்கள். உறுதி செய்ய மெம்டெஸ்டின் பிட் ஃபேட் (எழுதிவிட்டுச் சற்று நேரம் காத்திருந்து படிக்கும்) சோதனையை மத்தியானத்தில் ஓட்டுங்கள், இரவில் ஓட்டிவிட்டு நல்லது என்று சொல்ல வேண்டாம்.

சூடு இல்லாமல், ஒரே வேலை ஓடும்போது மட்டும் பக்கத்து நிரைகளில் பிழை வந்தால் ரோஹமர். 2014 இல் வெளிப்படையாக நிறுவப்பட்டது, ஒரு நிரையை வேகமாகத் திறந்து மூடினால் அயல் நிரை கெடுவது. பயாஸ் அப்டேட் செய்து பாருங்கள். நம் ஊர் வேலைகளில் அரிது.

அறிகுறி: ராமை மாற்றினாலும் பிழை அதே ஸ்லொட்டில்

ராமை விடுங்கள். சிபியுவைக் கழற்றி சொக்கெட் பின்களைச் சாய்வாக வெளிச்சம் அடித்துப் பாருங்கள், ஒரு பின் வளைந்திருந்தாலும் ஒரு சனல் போகும். கூலரின் நான்கு திருகுகளும் ஒரே அளவில் இறுகியிருக்க வேண்டும், ஒரு மூலை மட்டும் இறுகினால் சிபியு சரிந்து எதிர் மூலைத் தொடுகை விடும்.

அறிகுறி: திருத்த முடியாத பிழை, மெஷின் நின்றுவிட்டது

நீலத் திரையில் டபிள்யூஎச்இஏ என்று வந்து நின்றது நல்லது, கெட்ட டேட்டா டிஸ்க்குக்குப் போகாமல் தடுத்திருக்கிறது. இந்த நிலையில் டிஸ்க் ரிப்பேர், ரெய்ட் (பல டிஸ்க் சேர்ந்த தொகுதி) ரீபில்ட் எதையும் ஓட்ட வேண்டாம், கெட்ட மெமரியால் போய் டிஸ்க்கை எழுதிக் குழப்பிவிடும். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டு பேக்கப் எடுங்கள், பிறகு ராமை ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லொட்டில் வைத்துச் சோதியுங்கள்.

வாரண்டிக்கு அனுப்புவதென்றால் "பிழை வருது" என்று மட்டும் எழுதி கொழும்புக்கு பஸ்ஸில் போட்டால், அங்கே குளிர் அறையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு நல்லது என்று திருப்பி அனுப்புவார்கள். எந்த ஸ்லொட், எந்த ரேங்க், பேங்க், நிரை, என்ன சூட்டில், எந்தச் சோதனையில் வந்தது, வேறு போர்டிலும் அதே ராம் அதே முகவரியைக் காட்டியதா என்று ஒரு தாளில் எழுதி, திரையின் படத்தோடு ராமோடு சேர்த்துக் கட்டி அனுப்புங்கள்.